தலைவலியும் பிசியோதெரபியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிக்காரர்கள்: டெய்லர், செக்கிங், அயர்னிங், ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவர்கள். கழுத்துவலி என்று சொல்லிக்கொண்டு வந்து, கிளம்பும்போது கதவருகே நின்று, "அப்புறம் இந்தத் தலைவலி..." என்று ஆரம்பிப்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே வைத்திருக்கிறேன்.

தலைவலி எதனாலதாங்க வருது? ஒரே காரணமாச் சொல்லுங்களேன்.

ஒரே காரணம் கிடையாது. மூளைத் திசுவுக்கு வலி உணர்வே இல்லை. வலிப்பதெல்லாம் மூளையைச் சுற்றியுள்ள உறை, ரத்தக் குழாய்கள், முகத்துக்கும் மண்டைக்கும் போகும் நரம்புகள், கழுத்தின் தசைகளும் மூட்டுகளும். இவற்றில் எது கிளறப்பட்டாலும் நமக்குத் தெரிவது "தலை வலிக்குது" என்பது மட்டும்தான்.

மருத்துவர்கள் தலைவலியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். தலைவலியே நோயாக இருப்பது ஒன்று. மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியும் டென்ஷன் வகைத் தலைவலியும் இதில் சேரும். வேறு ஏதோ ஒன்றின் அறிகுறியாக வருவது மற்றொன்று. காய்ச்சல், தலைக்காயம், மூளைக் கட்டி, கழுத்து மூட்டுக் கோளாறு, மாத்திரையை அளவுக்கு மீறிப் போடுவது எல்லாம் அந்தப் பக்கம். உங்கள் தலைவலி எந்தப் பக்கம் என்று தெரியாமல் கழுத்தை நீவுவதில் பயனில்லை.

எனக்கு வர்றது ஒத்தைத் தலைவலியா, டென்ஷன் தலைவலியா?

வலி இருக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். விளக்கை அணைத்து, டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, அசையாமல் படுத்துக்கொள்வீர்களா? மாடிப்படி ஏறினால் வின்வின் என்று தெறிக்கிறதா? குமட்டுகிறதா, வாந்தி எடுத்தால் கொஞ்சம் தேவலையா? அது மைக்ரேனாக இருக்க வாய்ப்பு அதிகம். மருந்து போடாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலிக்கு முன் கண்முன்னே பூச்சி பறப்பது, வளைவு வளைவாக ஒளி தெரிவது எல்லாம் நடக்கும். "ஒற்றை" என்று பெயர் இருப்பதால் ஒரு பக்கம்தான் வலிக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு பக்கமும் வலிக்கும் மைக்ரேன் உண்டு.

டென்ஷன் வகை இவ்வளவு மோசம் பண்ணாது. தலையைச் சுற்றி ஈரத்துணியை இறுக்கிக் கட்டின மாதிரி இரண்டு பக்கமும் அழுத்தும், பாரமாக இருக்கும். ஆனால் வேலை ஓடும். நடந்தால் வலி அதிகமாகாது, வாந்தி வராது. அரை மணி நேரத்திலும் போகலாம், ஒரு வாரமும் இழுக்கலாம். பெயரைப் பார்த்து மனக்கவலையால் மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம்.

இரண்டும் ஒரே ஆளுக்கு மாறி மாறி வருவதும் சகஜம்.

பிசியோவுக்கு வராம நேராப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எந்த மாதிரித் தலைவலி?

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், "வாழ்க்கையிலயே இப்படி வலிச்சதில்ல" என்று சொல்ல வைக்கும் திடீர் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்துக்கொள்ளும் வலி. கை கால் பலவீனம், வாய் கோணுவது, பேச்சுக் குழறல், வலிப்பு, நினைவு தடுமாற்றம், பார்வை இரட்டையாகத் தெரிவது ஆகியவற்றில் எதுவாவது சேர்ந்த வலி. வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி. இதற்கெல்லாம் 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கர்ப்ப காலத்திலும் பிரசவமான முதல் சில வாரங்களிலும் புதிதாக வரும் கடுமையான தலைவலியை "தூக்கம் இல்லாததால வருது" என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக ஆரம்பித்த தலைவலியும் அப்படித்தான். நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலி, கண் மங்கல் இருந்தால் ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வையே போய்விடும்.

இருமினால், முக்கினால், குனிந்தால் மட்டும் வரும் வலி, நாளுக்கு நாள் கூடும் வலி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் புதிதாக வரும் வலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்த பிறகுதான் நாங்கள் தொட வேண்டும்.

வலி நெத்தியில இருக்குது. நீங்க எதுக்குக் கழுத்தை அமுக்கிப் பார்க்கறீங்க?

மேல் கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும், முகத்திலிருந்து வலியைக் கொண்டுபோகும் பெரிய நரம்பும், கழுத்தின் உச்சியில் தண்டுவடத்துக்குள் ஒரே இடத்தில் போய்ச் சேருகின்றன. அங்கிருந்து மேலே போகும் செய்தியில், வலி எங்கே கிளம்பியது என்பது சரியாகப் பிரிவதில்லை. பிடறியில் ஒரு மூட்டு கிளறப்பட்டால் மூளை அதைக் கண்ணுக்கு மேலே, நெற்றியில், பொட்டில் என்று எடுத்துக்கொள்ளும். மாரடைப்பில் இடது கை வலிப்பதும் இதே கணக்குதான்.

தசைகளும் இப்படி வலியைத் தள்ளிவிடும். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை சரிவாக இறங்கும் கழுத்துத் தசை நெற்றிக்கும், தோள்பட்டையின் மேல் தசை பொட்டுக்கும் வலியை அனுப்பும். அமுக்கிப் பார்க்கும்போது, "ஆமாங்க, இதே வலிதான், கண்ணுக்குள்ள போவுது" என்று நீங்கள் சொன்னால் அது எனக்கு ஒரு தகவல். அதுவே தீர்ப்பு ஆகிவிடாது.

அப்ப கழுத்துல இருந்துதான் வருதுன்னு எப்படி உறுதியாச் சொல்லுவீங்க?

ஒரு சோதனையை மட்டும் நம்பிச் சொல்வதில்லை. கழுத்திலிருந்து வரும் தலைவலி பெரும்பாலும் ஒரே பக்கம் இருக்கும், பக்கம் மாறாது. பிடறியில் ஆரம்பித்து முன்னால் வரும். கழுத்தை ஒரு நிலையில் வைத்தாலோ, ஒரு பக்கம் திருப்பினாலோ கூடும். கழுத்து திரும்பும் அளவும் குறைந்திருக்கும்.

மல்லாக்கப் படுக்க வைத்து, தாடை நெஞ்சில் படும் அளவுக்குத் தலையை மடக்கி, அப்படியே இடமும் வலமும் திருப்பிப் பார்ப்போம். மடக்கி வைத்தால் கீழ்க் கழுத்து பூட்டிக்கொள்ளும், முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள மூட்டு மட்டும் திரும்பும். சாதாரணமாகப் பக்கத்துக்கு 44 டிகிரி அளவு போகும். வலி உள்ள பக்கம் 32 டிகிரியோடு நின்றுவிட்டால் அந்த மூட்டு இறுகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. மைக்ரேன் வரும்போதும் கழுத்து வலிக்கும், இறுகும். அது மைக்ரேனின் அறிகுறிகளில் ஒன்று. ஆகவே "கழுத்தும் சேர்ந்து வலிக்குது" என்பதை மட்டும் வைத்துக் கழுத்தைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. எங்கள் தொழிலில் இந்த அவசரம் கொஞ்சம் அதிகம்.

எக்ஸ்ரேல கழுத்தெலும்பு தேஞ்சிருக்குன்னு போட்டிருக்குது. அதனாலதானே தலைவலி?

அநேகமாக இல்லை. 2015-இல் ஜப்பானில் கழுத்து, கை வலி எதுவும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்தில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலிருந்து எழுபது வயதுக்காரர்கள் வரை. 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்தெலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு இருந்தது. யாருக்கும் வலி இல்லை! தேய்மானம் என்பது நரைமுடி வகையறா, வயதோடு வருவது.

தவிர, தேய்மானம் அதிகம் காணப்படுவது கழுத்தின் கீழ்ப் பாதியில், ஐந்தாவது ஆறாவது எலும்புப் பக்கம். தலைக்கு வலியைத் தள்ளும் நரம்புகள் மேலே முதல் மூன்று. ரிப்போர்ட்டில் இருக்கும் இடமும் வலியைக் கிளப்பும் இடமும் பல நேரம் வேறு வேறு.

இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பல மாதம் காலர் எனும் கழுத்துப் பட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தம். எலும்பு முறிவுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் காலர் வேண்டும். சாதாரணக் கழுத்துவலிக்கு மாதக்கணக்கில் போட்டால் தலையைத் தாங்க வேண்டிய தசைகள் சோம்பிப் பலவீனமாகும்.

சைனஸ், பிரஷர், கண்ணு பவர் மூணும் பார்த்தாச்சுங்க. எது காரணம்?

மூன்றுக்கும் தேவைக்கு மேல் பழி விழுகிறது. அமெரிக்காவில், தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று சொன்ன 2,991 பேரைப் பரிசோதித்தபோது 88 சதவீதம் பேருக்கு மைக்ரேனுக்கான அறிகுறிகள் இருந்தன. 2004-இல் வெளிவந்த ஆய்வு. மைக்ரேனிலும் மூக்கில் தண்ணீர் வரும், கண் கலங்கும், கன்னம் வலிக்கும். கெட்டியாகப் பச்சை மஞ்சள் சளி, காய்ச்சல், வாசனை தெரியாமல் போவது இருந்தால்தான் சைனஸ் தொற்று என்று சந்தேகிக்கலாம்.

ரத்த அழுத்தம் 150, 160 இருப்பது பொதுவாகத் தலையை வலிக்க வைப்பதில்லை. 180/120-ஐத் தாண்டித் திடீரென ஏறினால் வலிக்கும், அப்போது அது அவசரம். தலை வலிக்கவில்லை, அதனால் பிரஷர் சரியாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துவது இதைவிட ஆபத்து.

கண்ணாடி விஷயத்தில் நான் வேறு ஒன்றைப் பார்ப்பேன். நாற்பதைத் தாண்டிய டெய்லர்கள் ஊசித் துளை தெரியாமல் கழுத்தை நீட்டி மிஷினுக்குள்ளேயே போய்விடுவார்கள். ஆபீஸில் இருப்பவர்கள் இரட்டைக் கண்ணாடியின் கீழ்ப் பாதியில் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்குவார்கள். இரண்டிலும் அமுங்குவது மேல் கழுத்துதான். கண்ணாடியை மாற்றியதுமே குறைந்தவர்கள் உண்டு.

தலைக்குக் குளிச்சா வலி வந்துருது. நீர் கோத்துக்குதா?

தலைக்குக் குளித்தால் வலி வருவது உண்மை. தண்ணீர் மண்டைக்குள் போய் நிற்பதாகச் சொல்வதுதான் சரியில்லை. மும்பையைச் சேர்ந்த தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்ததும் மைக்ரேன் வந்த 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். நீளமான முடியும் வாரம் ஒருமுறை தலைக்குக் குளிக்கும் பழக்கமும் உள்ள நம் ஊர்ப் பெண்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

மைக்ரேன் உள்ளவர்களுக்கு ஒரு தூண்டுதல் தனியாக வந்தால் தாங்கிக்கொள்வார்கள், இரண்டு மூன்று சேர்ந்தால் கிளம்பிவிடும். வெள்ளிக்கிழமையை நினைத்துப் பாருங்கள்: விடியற்காலை எழுந்து தலைக்குக் குளியல், முடி காயும் முன் ஜடை, விரதம் என்று வெறும் வயிறு, கோயில் வரிசையில் வெயில். குளியலை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? சாப்பிட்டுவிட்டுக் குளியுங்கள், முடியைக் காயவிட்டு முடியுங்கள், அன்றைக்கு வெயிலையும் தூக்கக் குறைவையும் சேர்க்காதீர்கள். விரதம்தான் முக்கியம் என்றால் தலைக்குக் குளிப்பதை வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

பிசியோதெரபின்னா கரண்ட் வைக்கறதுதானே?

கரண்ட் வைத்தால் வலி தற்காலிகமாகத் தணியும். தணிந்திருக்கும் நேரத்தில் பயிற்சியை ஆரம்பிக்கலாம் என்பதுதான் அதன் பயன். பத்து நாள் வந்து படுத்து, கரண்டும் ஒத்தடமும் வைத்துக்கொண்டு போவது மட்டும் சிகிச்சை ஆகாது. அப்படிச் செய்து அனுப்பினால் வலி திரும்பி வரும், நீங்களும் திரும்பி வருவீர்கள். எங்களுக்கு வரும்படி, உங்களுக்கு அலைச்சல்.

கழுத்துத் தலைவலிக்கும், கழுத்துத் தசைகள் இறுகிய டென்ஷன் தலைவலிக்கும் உண்மையில் வேலை செய்வது இரண்டு: இறுகிய மூட்டையும் தசையையும் கையால் மெல்ல அசைத்து விடுவது, கழுத்தின் உள்தசைகளுக்குப் பயிற்சி கொடுப்பது. உங்களை ஒருதடவைகூடத் தொட்டுப் பார்க்காமல் நேரே மிஷினில் போடும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். பிபிடி எனும் பிசியோதெரபி பட்டம் படித்தவரா என்று கேட்பதிலும் தவறில்லை.

அந்தப் பயிற்சி என்னன்னு இங்கயே சொல்லிருங்களேன்.

கழுத்தின் முன்பக்கம், தொண்டைக்குப் பின்னால் எலும்பை ஒட்டி மெல்லிய தசைகள் இருக்கின்றன. ஐந்து கிலோ அளவுள்ள தலையைச் சமன்படுத்தி வைப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு. இவை சோர்ந்தால் வெளித்தசைகள் அந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு இறுகும்.

மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தலைக்கடியில் ஒரு துண்டை மெலிதாக மடித்து வையுங்கள். நாக்கு மேலண்ணத்தில், பற்கள் ஒட்டாமல். இப்போது "ஆமாம்" என்று தலையாட்டுவதில் பாதி அளவுக்குத் தாடையை மெதுவாகக் கீழே இறக்குங்கள். பின்மண்டை துண்டைவிட்டு எழும்பக் கூடாது, துண்டின் மேல் வழுக்க வேண்டும். இரண்டு விரலைக் கழுத்தின் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கயிறு போல ஒரு தசை புடைத்தால் அதிகமாகச் செய்கிறீர்கள், பாதியாகக் குறையுங்கள். சரியான அளவில் 10 விநாடி நிறுத்தி விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். 10 தடவை, காலையும் இரவும். பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். "இதுக்கா ஃபீஸ்?" என்று கேட்டவர் உண்டு. ஆறாவது தடவையில் தசை நடுங்கும்போது தெரியும்.

இன்னொன்று துண்டுப் பயிற்சி. துண்டின் ஓரத்தைப் பிடறியில், மண்டை முடிந்த இடத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, இரு முனைகளையும் முன்பக்கம் பிடித்து, வாய் மட்டத்துக்கு இழுத்துக்கொண்டே தலையை இறுகிய பக்கம் திருப்புவது. நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் பிரையன் மல்லிகன் வகுத்த முறையிலிருந்து வந்தது. முதல் இரண்டு எலும்பு மூட்டுக்கு நல்ல பலன் தரும். ஆனால் எந்தக் கையால் எந்தப் பக்கம் இழுப்பது என்பதைப் படித்துவிட்டுச் செய்ய வேண்டாம். ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டு வீட்டில் செய்யுங்கள். செய்யும்போது கிறுகிறுப்போ, கையில் மரமரப்போ, வலியோ வந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஒன்றரை ஷிப்ட் தைக்கறவன் எங்கிருந்துங்க பயிற்சி பண்றது?

நியாயமான கேள்வி. பன்னிரண்டு மணி நேரம் பவர் டேபிளில் குனிந்திருப்பவரிடம் "நேரா உக்காருங்க" என்று சொல்லி அனுப்புவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பீஸ் ரேட்டில் நிமிர்ந்தால் காசு போகும்.

அதனால் மணிக்கணக்கை விட்டுவிட்டுப் பண்டல் கணக்குக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு பண்டல் முடித்துக் கட்டிப் போடும் நேரத்தில் தோள்பட்டை இரண்டையும் பின்னால் இழுத்து ஐந்து எண்ணுங்கள், தலையை இடமும் வலமும் ஒருமுறை திருப்புங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. ஸ்டூல் உயரம் போதவில்லை என்றால் கட்பீஸ் துணியை மடித்துப் போட்டு ஏற்றுங்கள். டேபிள் மார்புக்கு வந்தால் தோள் காதுக்கு ஏறி நிற்கும், இடுப்புக்குக் கீழே போனால் தலை தொங்கும். ஊசிக்கு மேல் விளக்கு நன்றாக எரிய வேண்டும், கண்ணாடிக் கேள்வியில் சொன்ன காரணம்தான். செக்கிங்கில் நிற்பவர்கள் ஒரு காலைச் சின்னப் பலகைமேல் மாற்றி மாற்றி வைத்தால் இடுப்போடு சேர்த்துக் கழுத்துக்கும் ஓய்வு.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். பாத்ரூம் போக மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பெண்கள் இருக்கிறார்கள். அந்தத் தலைவலிக்கு என் கையில் மருந்து இல்லை, கம்பெனி கையில் இருக்கிறது.

எத்தனை நாள் வரணும்? குறையும்னு என்ன உத்தரவாதம்?

உத்தரவாதம் தருபவரிடம் போகாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பிசியோதெரபிஸ்ட் க்வென் ஜல் குழுவினர் கழுத்திலிருந்து தலைவலி வந்த 200 பேரை நான்கு பிரிவாக்கினார்கள்: கைச்சிகிச்சை மட்டும், பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து, எதுவும் இல்லாமல். ஆறு வாரம் சிகிச்சை. 2002-இல் முடிவு வந்தது. சிகிச்சை பெற்ற மூன்று பிரிவிலும் தலைவலி வரும் தடவையும் கடுமையும் குறைந்தன, ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. மேலே சொன்ன தாடை இறக்கும் பயிற்சி அந்த ஆய்வில் கொடுத்த வகைதான்.

நான் வைத்திருக்கும் கணக்கும் அதுவே. ஆறு வாரம், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்தால் போதும், மீதி வீட்டில். மூன்று வாரத்தில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் முதலில் நினைத்தது சரிதானா என்று திரும்பப் பார்ப்பேன்.

எனக்கு மைக்ரேன்னே டாக்டர் சொல்லிட்டார். அப்ப உங்ககிட்ட வேலையில்லையா?

பாதி வேலை இருக்கிறது. மைக்ரேன் மூளை நரம்பு மண்டலத்தின் கோளாறு, பரம்பரைக்கும் பங்குண்டு. கழுத்தைச் சரிசெய்து அதை வேரோடு எடுக்க முடியாது. முடியும் என்று விளம்பரம் பார்த்தால் கடந்து போய்விடுங்கள். கழுத்துக் கோளாறு தனியாகவும் இருந்தால் அதைச் சரிசெய்வதில் கழுத்தின் பங்கு மட்டும் குறையும்.

உடற்பயிற்சிக்கு இங்கே நல்ல இடம் உண்டு. 2011-இல் சுவீடனில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி செய்தவர்கள், மைக்ரேனைத் தடுக்கும் டோபிரமேட் மாத்திரை எடுத்தவர்கள், தளர்வுப் பயிற்சி செய்தவர்கள் என 91 பேரை மூன்று மாதம் ஒப்பிட்டார்கள். மைக்ரேன் குறைந்ததில் மூன்று பிரிவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். மாத்திரையை விட்டுவிட்டு நடக்கப் போங்கள் என்று இதற்குப் பொருள் இல்லை, மாத்திரையோடு நடையும் சேரட்டும் என்பதே. வலி இருக்கும்போது மட்டும் வேண்டாம், கூடும். ஆரம்பத்தில் வேகமாக ஓடுவதும் சிலருக்குத் தலைவலியைக் கிளப்பும், மெதுவாக ஏற்றுங்கள்.

மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டாத்தான் வேலைக்கே போக முடியுது. தப்பா?

எப்போதாவது போட்டால் தப்பில்லை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகப் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைத் தினசரி ஆக்கிவிடும். இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரைகளுக்கும், மைக்ரேனுக்குத் தரும் எர்கோட்டமின், டிரிப்டான் வகைகளுக்கும் 10 நாளே எல்லை. கடைக்காரர் தாளில் சுற்றித் தரும் "தலைவலி செட்"டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்த நிலையில் கழுத்துக்கு எவ்வளவு சிகிச்சை கொடுத்தாலும் நிற்காது. முதலில் மருத்துவரிடம் போய் மாத்திரையைக் குறைக்கும் வழியைக் கேட்க வேண்டும். நிறுத்தியதும் சில நாள் வலி கூடும், பிறகு குறையும். காபி, டீக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. தினமும் நாலைந்து டம்ளர் குடிப்பவர் ஞாயிற்றுக்கிழமை குடிக்காவிட்டால் அன்று மாலை தலை வலிக்கும்.

சலூன்ல கழுத்தைச் சொடக்கு எடுத்தா உடனே லேசாயிருது. அதைவிடவா நீங்க?

லேசாவது உண்மைதான், கொஞ்ச நேரத்துக்கு. ஆனால் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்கு ரத்தக் குழாய்கள் ஏறுகின்றன. தலையைத் திடீரென்று முறுக்கும்போது அவற்றின் உட்சுவர் கிழியலாம். அரிதுதான். ஆனால் கிழிந்தால் பக்கவாதம். சொடக்கு எடுத்தபின் ஒரு பக்கம் புதுவிதமான கழுத்துவலி, தலைசுற்றல், தள்ளாட்டம், விழுங்க முடியாமை வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

முடி வெட்டும்போது முன்கூட்டியே, "கழுத்து வேண்டாம்ணா" என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் செய்வதும் பெரும்பாலும் மெதுவாக அசைப்பதே. சத்தம் வர வேண்டிய அவசியமே இல்லை.

எந்தத் தலையணை வாங்கலாம்?

விலை உயர்ந்தது வேண்டாம். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையே உள்ள இடைவெளி நிரம்ப வேண்டும், மல்லாக்கப் படுப்பவருக்கு அதில் பாதி போதும். குப்புறப் படுத்தால் கழுத்து இரவு முழுக்க ஒரு பக்கம் திரும்பியே கிடக்கும். எந்தத் தலையணையும் அதைக் காப்பாற்றாது.

தைலம் தேய்க்கலாமா?

தேய்க்கலாம். மெந்தால் குளிர்ச்சி, வலி உணர்வைக் கொஞ்சம் மறைக்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கைக்குழந்தைகளுக்கு வேண்டாம். மைக்ரேன்காரர்களில் சிலருக்கு அந்த வாசனையே வலியைக் கிளப்பும்.

காலைல எந்திரிக்கும்போதே பொட்டு ரெண்டும் வலிக்குது.

இரவில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். தாடைத் தசை பொட்டு வரை விரிந்திருக்கிறது. பகலிலும் கவனியுங்கள்: வாய் மூடியிருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல் இருப்பதுதான் இயல்பு. தைக்கும்போது பல்லை இறுக்கிக்கொள்வது பலருக்குத் தெரிவதே இல்லை. தாடைப் பயிற்சி நாங்கள் தருவோம், பல் மருத்துவர் இரவில் போடும் கவசம் தருவார். பலமாகக் குறட்டை விட்டு, தூங்கி எழுந்தும் சோர்வாக இருந்தால், தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க. ஆறு வருசமாத் தலைவலி அதனாலதானே?

முதுகில் போட்ட ஊசியால் தலைவலி வருவது உண்டு. அது ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்கும், உட்கார்ந்தால் நின்றால் கூடும், படுத்தால் குறையும், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆறு வருடமாக விட்டு விட்டு வருவதற்கு அந்த ஊசியைக் காரணம் சொல்ல முடியாது.

அதே ஆறு வருடத்தில் வேறென்ன நடந்தது என்று பாருங்கள். குனிந்து பால் கொடுத்தது, இடுப்பில் ஒரே பக்கம் பிள்ளையைச் சுமந்தது, துண்டு துண்டான தூக்கம், நேரம் தவறிய சாப்பாடு, மாதவிடாயை ஒட்டி மாறும் ஹார்மோன். இப்படிக் கேட்டு வருகிறவர்களில் பலருக்கு மாதவிலக்கை ஒட்டியே வலி வருவதை, வலித்த நாட்களைக் குறித்த நாட்குறிப்பு காட்டிக்கொடுத்திருக்கிறது.

எல்லாமே செஞ்சு பார்த்துட்டேன். குறையவே இல்லீங்க.

அந்த நாட்குறிப்பிலிருந்து ஆரம்பிப்போம். காலண்டர் தாளிலேயே போதும்: வலித்த நாளில் ஒரு கோடு, மாத்திரை போட்டால் ஒரு வட்டம், மாதவிலக்கு நாளில் ஒரு புள்ளி. ஒரு மாதத்தைக் கையில் வைத்துப் பார்த்தால், "தினமும் வலிக்குது" என்றவருக்கு ஒன்பது நாளாக இருக்கும், "எப்பவாச்சும்" என்றவருக்கு இருபது வட்டம் இருக்கும். இரண்டுக்கும் வழி வேறு.

அந்தத் தாளோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மைக்ரேனைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை வலி இல்லாத நாளிலும் தினமும் எடுக்க வேண்டும், பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டு "ஒத்துக்கல" என்று சொல்பவர்கள்தான் அதிகம். கழுத்துப் பயிற்சியை அதுவரை விட வேண்டாம், காலர் இருந்தால் அதை மட்டும் கழற்றி வையுங்கள்.